காபூல் வரைக்கும் வழி தெரிந்தவர்

மனித குலத்தில் ஊர்ப்பெயர் தோண்டி என்று ஓர் உட்பிரிவு உண்டு. கையில் கடப்பாரை இருக்காது. சட்டைப்பையில் பூதக்கண்ணாடி இருக்கும். புதைபொருள் ஆராய்ச்சிக்காரர்கள் மண்ணைத் தோண்டி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தூசி தட்டி, ஆறு மாதம் வெயிலில் காய்ந்து, கடைசியில் ஓர் உடைந்த பானையைக் காட்டி, "இது இன்னதென்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை" என்பார்கள். பாவம், படித்தவர்கள். நம்மாள் இப்படியெல்லாம் சிரமப்படுவதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே, டீ ஆறுவதற்குள், ஏதாவது ஓர் ஊரின் பெயரைத் தோண்டி, அதற்குள்ளிருந்து தன் முப்பாட்டனைத் தலைப்பாகை கலையாமல், குதிரைமேல் உட்கார்ந்த கோலத்திலேயே வெளியே எடுத்துவிடுவார்.

இந்தப் பிறவி எல்லா தேசத்திலும் உண்டு. எல்லாச் சாதியிலும் உண்டு. நான் கிட்ட இருந்து பார்த்தது பஞ்சாபில், ஜலாலாபாத்தில். பெயர் மெஹங்கா சிங் ஜோசன். அரசாங்க பஸ்ஸில் முப்பத்திரண்டு வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வங்கி வேலையில் மாற்றலாகி இந்த ஊருக்கு வந்து, மூன்றே வருஷத்தில் திரும்பிவிடுவதாக வீட்டில் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, இருபத்தாறு வருஷமாக அவருடைய எதிர்வீட்டில் குடியிருப்பவன். ஆகவே நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். அவர் சொல்வதை நம்புவது உங்கள் சௌகரியம்.

மெஹங்கா சிங் கம்போஜ் சாதிக்காரர். இந்தப் பக்கம் கம்போஜ்கள் அதிகம். காய்கறி போடுவதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. காலிஃபிளவர் நாற்றைத் தொட்டுப் பார்த்தே அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார்கள். பழைய இதிகாசங்களில் கம்போஜர் என்று ஒரு கூட்டம் நல்ல குதிரைகளோடு வருகிறது. வடமேற்கு மலைகளுக்கு அப்பால் எங்கோ இருந்தவர்கள் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். இது வரைக்கும் யாருக்கும் சண்டை இல்லை. ஆனால் தோண்டிகளுக்கு ஒரு கரண்டி உண்மை கிடைத்தால் போதும், ஓர் அண்டா தண்ணீர் ஊற்றி ஊருக்கே சாம்பார் வைத்துவிடுவார்கள்.

அவருடைய முறையைச் சொல்கிறேன், கேளுங்கள். எந்தப் பெயரை எடுத்தாலும் முதலில் அதிலுள்ள உயிரெழுத்துகளைத் துரத்திவிட வேண்டும். "அதெல்லாம் காத்து, வீர்ஜி. குளிருல ஒரு மாதிரி வரும், வெயில்ல ஒரு மாதிரி வரும்" என்பார். வீர்ஜி என்றால் அண்ணே. நான் அவரைவிடச் சின்னவன்தான், இருந்தாலும் மதராஸிக்கு மரியாதை. பிறகு மெய்யெழுத்துகள். 'க' என்பது 'க'வாகவே இருக்க வேண்டிய அவசியமில்லை, 'ஹ'வாகலாம். 'ம' தேய்ந்து 'ன'வாகும். 'ப' எப்போது வேண்டுமானாலும் 'வ'வாகும். 'ஜ' இருக்கிறதே, அது 'ச'வாகலாம், 'ய'வாகலாம், மனசில்லாவிட்டால் காணாமலே போகலாம். இத்தனையும் போன பிறகு மிஞ்சுவது கம்போஜ். எந்தப் பெயரில் மிஞ்சாது? காபூல், காம்பே, கம்போடியா எல்லாம் முதல் நாளே விழுந்துவிட்டன. கனடாவில் அவருடைய மச்சான் மகன் லாரி ஓட்டும் ஊர் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. ஒரு வாரத்தில் அதுவும் வழிக்கு வந்தது.

கண்டக்டராக இருந்தவருக்குச் சரித்திரமும் ஒரு பஸ் ரூட்தான். ஊர்ப்பெயர்களை எழுதிவைத்த நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, படியில் தொங்கியபடி கூவிய அதே குரலில் ஆரம்பிப்பார்: "பால்க்! காபூல்! ஜலாலாபாத்! பெஷாவர்! முல்தான்! நம்ம ஜலாலாபாத்!" ஆப்கானிஸ்தானில் ஒரு ஜலாலாபாத், பஞ்சாபில் ஒரு ஜலாலாபாத். யார் கொண்டுவந்தது பெயரை? ஜலால் என்று யாராவது ஒருவர் இரண்டு இடத்திலும் இருந்திருக்கலாமே என்று ஒருமுறை கேட்டேன். டிக்கெட் எடுக்காமல் ஏறியவனைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தார்.

"சும்மாவா வைப்பான் பேரு?" இது அவருடைய முதல் மந்திரம். "இதையெல்லாம் மறைச்சுட்டாங்க வீர்ஜி" என்பது இரண்டாவது. மறைத்தது யார், எதற்காக மறைத்தார்கள், மறைத்தவர்கள் இதை மட்டும் ஏன் வரைபடத்தில் அச்சடித்து விற்கிறார்கள் என்றெல்லாம் கேட்கக் கூடாது. கேட்டால் மூன்றாவது மந்திரம் வரும்: "நீங்களே யோசிச்சுப் பாருங்க." சொல்லிவிட்டு அவர் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். யோசிக்கும் வேலை நம்முடையது.

இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. பழகிய புதிதில் ஒரு நாள், "உங்க பக்கம் கம்போ, கம்பான்னு ஊர் ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டார். நான் வெள்ளை மனசோடு, "கம்பம்னு ஒண்ணு இருக்கு. திராட்சை நல்லா வெளையும்" என்றேன். டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

"திராட்சையா?"

"ஆமாம்."

"காபூல்லயும் திராட்சைதான்" என்று மெதுவாகச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். அதோடு வாயை மூடியிருக்க வேண்டும். வேடிக்கை பார்க்கும் ஆசையில், கும்பகோணம் என்றும் ஓர் ஊர் இருப்பதாகச் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து நானும் கம்போஜ். குதிரையை விற்றுவிட்டுக் கடலைப் பார்க்கப் போன கிளை. தெருவில் யாராவது என்னை மதராஸி என்றால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

வீட்டிலுள்ளவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. இங்கே ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகி வரும் பெண்ணை ஊரில் யாரும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்த ஊரிலிருந்து வந்தாளோ அந்த ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். மெஹங்கா சிங்கின் மனைவி சிந்தர் கௌர் திப்பா என்னும் கிராமத்திலிருந்து வந்தவர். ஆகவே முப்பத்தொரு வருஷமாகத் திப்பாவாலி. திப்பா என்றால் மணல்மேடு. அந்தக் கிராமத்தில் ஒரு மணல்மேடு இருக்கிறது. பஸ் அதன் ஓரமாகத்தான் போகிறது. மெஹங்கா சிங்கே அந்த நிறுத்தத்தில் முப்பத்திரண்டு வருஷம் "திப்பா, திப்பா" என்று கூவியிருக்கிறார். ஆனாலும் ஆராய்ச்சி என்று வந்துவிட்டால் கண்ணால் பார்த்ததையா நம்புவது? திப்பா, திபத், திபெத்.

"என்னைத் திபெத்துக்காரின்னு ஊர் பூராச் சொல்லிட்டுத் திரியுறார்" என்று அந்த அம்மாள் ஒருநாள் என்னிடம் சொன்னார். "திப்பாவுல எங்க வீட்டுக்குப் பின்னால மேடு இருக்கு வீர்ஜி. அதுல ஏறித்தான் நான் வெளையாடுவேன். அதைச் சொன்னா, நீ சின்னப்பொண்ணு, உனக்குத் தெரியாதுங்கிறார்."

இப்படி ஊருக்குத் தீங்கில்லாமல் போய்க்கொண்டிருந்தது ஆராய்ச்சி. தோண்டிகளைப் பற்றி நாம் செய்யும் தப்பும் இதுதான். யாருக்கு என்ன நஷ்டம், பொழுது போகட்டும் என்று விட்டுவிடுகிறோம். தோண்டுகிறவன் ஒருநாள் தன் வீட்டு அஸ்திவாரத்தில் வந்து நிற்பான் என்று யாரும் நினைப்பதில்லை.

மெஹங்கா சிங்குக்கு ஒரே மகள், சிம்ரத். லூதியானாவில் விவசாயம் படித்தாள். கூடப் படித்த அங்கத் மரோக் என்ற பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. அவனுக்கு இவளை அதைவிடப் பிடித்திருந்தது. அவனும் கம்போஜ்தான், அபோஹர் பக்கம் கிராமம். இரண்டு பேரும் சேர்ந்து அவன் வீட்டு ஐந்து ஏக்கரில் காய்கறி நாற்றுப்பண்ணை போடுவதாக ஏற்பாடு. வலைக்கூடாரம் எத்தனை அடி அகலம் என்பது முதற்கொண்டு சிம்ரத் தாளில் வரைந்து வைத்திருந்தாள். இரண்டு வீட்டிலும் சம்மதம். மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெண் வீட்டில் நிச்சயம்.

வாசகரே, மாமன் மகளுக்கும் அத்தை மகனுக்கும் முடிச்சுப் போட்டே வளர்ந்த ஊர்க்காரர் நீங்கள். ஆகையால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே ஜோசன், மரோக் என்று பெயருக்குப் பின்னால் வருவதுதான் கோத்திரம். கல்யாணம் பேசினால் நாலு கோத்திரம் பார்ப்பார்கள்: அப்பாவுடையது, அம்மாவுடையது, அப்பாவைப் பெற்றவளுடையது, அம்மாவைப் பெற்றவளுடையது. இந்தப் பக்கத்து நாலும் அந்தப் பக்கத்து நாலும் ஒன்றில்கூட இடிக்கக் கூடாது. இடித்தால் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை. அதற்கு மேல் பேச்சில்லை. சிம்ரத் விஷயத்தில் தரகர் எல்லாம் பார்த்தாகிவிட்டது, இடிக்கவில்லை என்று சொல்லியிருந்தார். தரகர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இரண்டு வீட்டாரும் விட்டுவிட்டார்கள்.

நிச்சயத்தன்று முற்றத்தில் ஷாமியானா. பையனுடைய அப்பா சுர்ஜன் சிங் ஓர் இருபது பேரோடு வந்திருந்தார். லட்டுக் கூடை, உலர்ந்த பழக் கூடை, பெண்ணின் தலையில் போடச் சிவப்புத் துப்பட்டா. எல்லாம் முறையாக நடந்துகொண்டிருந்தபோது மெஹங்கா சிங் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். அவர் கையில் நோட்டு இருந்தது. திப்பாவாலி அம்மாள் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டரை யார் இறக்கிவிடுவது?

"பெரியவங்களே" என்று ஆரம்பித்தார். "இன்னைக்குத்தான் நம்ம ரெண்டு குடும்பமும் உறவாகுதுன்னு எல்லாரும் நெனைச்சுட்டு இருக்கீங்க. இல்ல. நேத்து சாயங்காலம் போன்ல வரைபடத்தைப் பாத்துட்டு இருந்தேன். காபூலுக்கு வடக்க, மலைக்குள்ள, ஒரு சின்ன ஊரு. பேரு என்ன தெரியுமா? ஜோஸ்மரோக்."

அவர் இன்னும் உற்சாகமானார்.

"ஜோசன், மரோக். ஒரே ஊரு, ஒரே பேரு. சும்மாவா வைப்பான்? ஜோஸ் அண்ணன், மரோக் தம்பி. ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க. நாம புதுசா உறவாகல, பெரியவங்களே. பிரிஞ்சு போன ரத்தம் இன்னைக்கு ஒண்ணு சேருது."

சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காக நின்றார். தட்டியது அவர் மட்டும்தான். சுர்ஜன் சிங் வாய்க்கருகே கொண்டுபோன லட்டைத் தட்டில் வைத்தார்.

"அப்படின்னா, மெஹங்கா சிங்ஜி, இதுங்க ரெண்டும் அண்ணன் தங்கச்சியா?"

"ரெண்டாயிரத்து ஐந்நூறு வருஷமா" என்றார் நம்மவர், சந்தோஷம் தாங்காமல்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் வரைக்கும் அவருக்கு உறைக்கவே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக எழுந்து, செருப்பைத் தேடி, கூடைகளைத் திருப்பித் தூக்கிக்கொண்டு, "வீட்ல பெரியவங்களக் கலந்துட்டுச் சொல்றோம்" என்று சொல்லிப் புறப்பட்ட பிறகுதான், "ஏன் எல்லாரும் போறாங்க?" என்று என்னைக் கேட்டார். சிம்ரத் சிவப்புத் துப்பட்டா இல்லாத தலையோடு நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அங்கத் வாசல் வரை போய் மூன்று தரம் திரும்பிப் பார்த்தான்.

இங்கே நீங்கள் கேட்கலாம்: இதென்ன பிரமாதம், நான் சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்ததே? நானும் அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் போய்ச் சொன்னேன்.

"அபோஹருக்கு ஒரு போன் போடுங்க. வரைபடத்தைத் தப்பாப் படிச்சுட்டேன்னு சொல்லுங்க. பொண்ணு முகத்தைப் பாத்தீங்களா?"

"பாத்தேன் வீர்ஜி. ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல. ஆனா தப்புன்னு எப்படிச் சொல்றது? எழுத்து ஒத்துப்போகுதே."

"எழுத்து ஒத்துப்போனா என்னங்க, வாழ்க்கை போகுதே."

"நானா வச்சேன் அந்த ஊருக்குப் பேரு?" என்றார். பிறகு குரல் இறங்கியது. "முப்பத்திரண்டு வருஷம் ஊர் ஊராப் பேரைக் கூவினேன். அவங்கவங்க ஊர் வந்ததும் அவங்கவங்க எறங்கிப் போயிட்டாங்க. நீ எந்த ஊருய்யான்னு என்னை ஒருத்தன் கேக்கல. இந்த நோட்டுலதான் வீர்ஜி, நானும் எங்கிருந்தோ வந்தவன்."

எனக்கு ஒரு நிமிஷம் மனசு இளகிவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தோண்டிகளிடம் இதுதான் ஆபத்து. அவர்களுடைய துக்கம் உண்மையானது, அதற்குக் கண்டுபிடித்த மருந்துதான் போலி. அந்த மருந்துச் சீட்டைக் கிழிக்கச் சொன்னால், மகளுடைய கல்யாணத்தை வேண்டுமானால் கிழித்துக்கொள் என்பார்கள்.

சிம்ரத் அழுகிற பெண்ணில்லை. அன்று மத்தியானம் அப்பாவுடைய நோட்டை எடுத்து முழுதும் படித்தாள். நானூற்றுச் சொச்சம் ஊர்ப்பெயர்கள். படித்து முடித்துவிட்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"டாடி, நாற்பத்தோராம் பக்கத்துல திந்த் கோத்திரமும் ஜோசன் கோத்திரமும் பால்க்ல ஒரே தெருன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. ஆதாரம் இருக்கு."

"அம்மா திந்த். நீங்க ஜோசன். அப்ப அம்மா உங்களுக்கு என்ன முறை?"

மெஹங்கா சிங் நோட்டை வாங்கிப் பார்த்தார். முன்னும் பின்னும் புரட்டினார். "அது வேற தெருவா இருக்கும்" என்றார்.

அடுப்படியில் ரொட்டி தட்டும் சத்தம் நின்றது. திப்பாவாலி அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். கட்டிக் கொடுத்த தங்கை வீட்டில் அண்ணன் கை நனைக்கக் கூடாது என்று இங்கே ஒரு சாஸ்திரம் உண்டு.

"அண்ணாஜி" என்றார் அந்த அம்மாள், முப்பத்தொரு வருஷம் குடித்தனம் செய்த புருஷனைப் பார்த்து. "தங்கச்சி வீட்டுல நீங்க சாப்பிடக் கூடாது. பாவம் வந்து சேரும்."

அதிலிருந்து மூன்று நாள் அவருக்குச் சாப்பாடு என் வீட்டில்தான். தயிர்சாதத்தைப் பார்த்து அந்தப் பெரிய மனிதர் பட்ட வேதனையை எழுத்தில் கொண்டுவர முடியாது. சாம்பாரை ஊற்றியபோது மட்டும் தலையை நிமிர்த்தி, "சாம்பார்... சாம்போ..." என்று ஏதோ ஆரம்பித்தார். நான் கரண்டியை ஓங்கினேன்.

நாலாவது நாள் காலையில் சிம்ரத் யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அபோஹர் பக்கம் போனாள். பனியென்றால் அப்படியொரு பனி. பத்தரை மணிக்குத் திரும்பி வந்தபோது அவள் பின்னால் ஒரு வயதான அம்மாள் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார். பையனுடைய பெரியப்பாவின் மனைவி. பெரியம்மாவை இங்கே தாயி என்பார்கள். பேரி என்ற கிராமத்திலிருந்து அந்த வீட்டுக்கு வாழ வந்தவர், அதனால் பேரிவாலித் தாயி. அந்தக் குடும்பத்தில் ஆண்கள் எல்லோரும் கலந்து பேசி முடிவெடுப்பார்கள். என்ன முடிவு என்பதைத் தாயி சொல்லுவார்.

தாயி முற்றத்துக் கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்தார். பக்கத்தில் திப்பாவாலி அம்மாள் ஒரு முறம் நிறையப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். தாயியும் கேட்காமலே ஒரு கைப்பிடி எடுத்து உரிக்க ஆரம்பித்தார். தெருவில் பாதி மதில் மேல் இருந்தது. நான் கதவோரம்.

"வீரா" என்றார் தாயி, தம்பி என்பது போல. "இந்தப் பொண்ணு பனியில ஒத்தையா வந்து நிக்குறா. உன் நோட்டைக் கொஞ்சம் கீழ வை. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால யாரு யாருக்குப் பொறந்தாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் அப்ப அங்க இல்ல. நீயும் இல்ல. தரகர் சொன்னான்னு நாங்க கேக்காம விட்டது எங்க தப்பு. நாலு கோத்திரத்தையும் உன் வாயால சொல்லு. இடிக்கலைன்னா கல்யாணம். இடிச்சா நான் இப்பவே கெளம்பறேன்."

"இவ்வளவுதானா?" என்றார் மெஹங்கா சிங். எழுந்து நின்றார். நாலு நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. நாலே நாலு நிறுத்தம். கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

"என்னோடது ஜோசன்."

"சரி."

"பொண்ணோட அம்மா, திந்த்."

"சரி."

"என்னைப் பெத்தவ, தஞ்சு."

"சரி. நாலாவது?"

"நாலாவது..." என்றார். பட்டாணி உரியும் சத்தம் கேட்டது. "நாலாவது வந்து... சிந்தரோட அம்மா." அவர் கை தானாக நோட்டைப் புரட்டியது. நானூற்றுச் சொச்சம் ஊர். எந்தப் பக்கத்தில் இருக்கும்? சிம்ரத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. அப்பா சொல்லப்போகும் அந்த ஒரு பெயரில்தான் அவளுடைய கல்யாணமும் ஐந்து ஏக்கரும் இருந்தன. அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் தலை நிமிரவில்லை. வருஷம் தவறாமல் லோஹ்ரிப் பண்டிகைக்கு நெய்யில் பிடித்த மாவுருண்டையைத் தூக்குப்பாத்திரத்தில் கொண்டுவந்து கொடுத்த மாமியார். இரண்டு கையால் வாங்கித் தின்ற மருமகன்.

"அவங்க வந்து... திபெத் பக்கம்..." என்றார்.

மதில் மேல் யாரோ சிரித்தார்கள். தாயி சிரிக்கவில்லை. திப்பாவாலி அம்மாள் கையிலிருந்த தோலை முறத்தில் போட்டார்.

"மோமி" என்றார். "எங்கம்மா மோமி கோத்திரம். பொறந்த ஊருக்குப் பேரு சந்து. திப்பாவுல எல்லாரும் சந்துவாலின்னுதான் கூப்பிடுவாங்க. அவ பேரு பிரீத்தோ. முப்பது வருஷம் உங்க பஸ்ஸுலதான் வந்துட்டுப் போனா. அவளுக்கு டிக்கெட்டுக் கிழிச்சுக் குடுத்ததே நீங்கதான்."

தாயி விரல் விட்டு எண்ணினார். ஒருமுறை, பிறகு நிதானமாக இன்னொருமுறை. "எங்க நாலுல மோமி இல்ல, திந்த் இல்ல, தஞ்சு இல்ல, ஜோசனும் இல்ல. முடிஞ்சுது" என்று சொல்லி, சிம்ரத்தைக் கிட்ட இழுத்துத் தன் போர்வையால் அவள் தலையை மூடினார். பிறகு மெஹங்கா சிங்கைப் பார்த்தார். கோபமில்லை, கேலியுமில்லை, அதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது.

"காபூல் வரைக்கும் வழி தெரிஞ்ச ஆளுன்னு சொன்னாங்க வீரா. மாமியார் வீட்டு வாசல் வரைக்கும்கூடத் தெரியலையே உனக்கு."

மெஹங்கா சிங் கீழே தரையிலேயே உட்கார்ந்தார். "தப்புதான்" என்றார். எது தப்பென்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் அவருக்கு வீட்டிலேயே ரொட்டி கிடைத்தது. பட்டாணிக் கறி.

மாசியில் கல்யாணம் நடந்தது. நாற்றுப்பண்ணையில் இப்போது இரண்டு வலைக்கூடாரம். அந்த ஜோஸ்மரோக் விவகாரத்தையும் அங்கத் தீர்த்துவைத்தான். மாமனாரின் போனை வாங்கி இரண்டு விரலால் வரைபடத்தைப் பெரிதாக்கினான். ஜோஸ் ஒரு மலைக்கு இந்தப் பக்கம் போனது, மரோக் அந்தப் பக்கம் போனது. சின்னதாகப் பார்க்கும்போது இரண்டு பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

மனுஷன் திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் நினைத்தேன். கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் புது நோட்டோடு வந்து உட்கார்ந்தார். முதல் பக்கத்தில் 'மோமி' என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பரவாயில்லை, மாமியாரைப் பற்றி விசாரித்து எழுதப்போகிறார் போலிருக்கிறது.

"வீர்ஜி" என்று குரலைத் தாழ்த்தினார். "மோமி... மம்மி. எகிப்து. நீங்களே யோசிச்சுப் பாருங்க."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நீங்கள் அப்படியெல்லாம் கிடையாது என்று எனக்குத் தெரியும். கொரியாவில் அம்மாவை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்களாம் என்று காலையில் வந்த செய்தியை நாற்பது பேருக்கு அனுப்பி வைத்தீர்களே, அது பொது அறிவு வளர்வதற்காக. உங்கள் ஊர்ப்பெயர் இப்போது மருவிவிட்டது, ஆதியில் அது ஒரு சக்கரவர்த்தியின் பட்டப்பெயர் என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னது பேச்சுவாக்கில் வந்தது. உங்கள் முன்னோர்கள் எந்தத் துறைமுகத்தில் கப்பலேறி எந்தத் தீவில் போய் இறங்கினார்கள் என்பதும் ஆதாரத்தோடு உங்களிடம் இருக்கும். எல்லாவற்றையும் சொல்லுங்கள், உட்கார்ந்து கேட்கிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு சின்னக் கேள்வி. உங்கள் மாமியாரைப் பெற்ற அம்மாள் பெயர் என்ன? பிறந்த ஊர்? கல்யாணமாகாதவர்கள் சொந்த அம்மாவின் பாட்டியைச் சொன்னாலும் போதும்.

அவசரமே இல்லை. உள்ளே போய் வீட்டம்மாவைக் கேட்டுவிட்டே வாருங்கள், காத்திருக்கிறேன். பதில் சொல்வதற்கு முன்னால் அவர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். அதற்கு நான் பொறுப்பல்ல.